பென்சிலில் இருந்த சுவர்

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபின்.

அன்பு மருமகளுக்கு,

இப்படி ஆரம்பிக்கலாமா கூடாதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீயும் என் மகனும் பிரிந்து, கோர்ட்டும் அதற்கு முத்திரை குத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தத் தீர்ப்பை நானும் படித்தேன். அதில் இரண்டு அச்சுப்பிழை இருந்தது. ஆனாலும் உன்னைக் கூப்பிட வேறு சொல் எனக்குக் கைவரவில்லை. பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொள்.

ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தைக்கு முழங்கால் வலி. மாடிக்குப் போகும்போது படிக்கு ஒரு வசவு விழுகிறது. அப்படியும் மாடி அறையைப் பெருக்க வேறு யாரையும் விடுவதில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அச்சகம் என்னை விட்டபாடில்லை. கடைப்பலகையைக் கண்டால் கை துறுதுறுக்கிறது. போன வாரம் மருந்துக்கடைக்காரரிடம் அவர் பலகையில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். "அந்தப் பிழையோடதான் சார் கடையை மாடி வரைக்கும் கட்டினேன், மாத்தினா ராசி போயிடும்" என்றார். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயிலுக்கு இது நூற்றைம்பதாவது ஆண்டு. ஒரு வரலாற்று நூல் போடுவதென்று கமிட்டியில் முடிவெடுத்தார்கள். ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவன் பிழையில்லாமல் எழுதுவான் என்று நம்பி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது எவ்வளவு சுகமான வேலை என்று, சொந்தமாக எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. கோயில் பீரோவில் இருக்கும் பழைய காகிதங்களில் எந்தப் பெஞ்சுக்கு யார் வார்னிஷ் அடித்தார்கள் என்பது இருக்கிறது. கட்டடம் எப்படி வந்தது என்று ஒரு வரி இல்லை. ஐம்பதாம் ஆண்டு மலரை நூறாம் ஆண்டு மலர் அப்படியே காப்பியடித்திருக்கிறது. நான் அதைக் காப்பியடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் உன் ஃபைல் ஞாபகம் வந்தது. மாடி அறையில், நீ வைத்துவிட்டுப் போன மேசைமேலேயே இருக்கிறது. பழைய கட்டடங்களை ஆராய்வது உன் தொழில். ஆனால் நம் கோயிலை நீ சம்பளத்துக்கு அளக்கவில்லை. சனிக்கிழமை தோறும் டேப்பின் ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனையை நான் பிடிப்பேன். நான் அசைந்துவிட்டேன் என்று நீ சலித்துக்கொள்ளாத சனிக்கிழமை கிடையாது. அந்த ஆய்வு முடிந்து அச்சுக்குப் போவதற்குள் நீ இந்த வீட்டைவிட்டுப் போகும்படி ஆகிவிட்டது.

ஃபைலை எடுத்துப் படித்தேன். ஆரம்பித்தவன் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. வடக்குப் பக்க ஜன்னல்கள் ஏன் ஒரு சாண் உயரம் கூடுதல், கூரை மரத்தில் ஏன் வேறெதற்கோ போட்ட துளைகள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு கேள்வி. எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர். அதிலுள்ள செங்கல் மட்டும் மற்றச் சுவர்களில் உள்ளதைவிட ஒல்லி, நீளம் அதிகம். சின்ன வயதிலிருந்து அந்தச் சுவருக்கு முன்னால்தான் ஜெபம் பண்ணுகிறேன். ஜெபத்தில் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அதனால்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பகுதியை வாசித்தேன். கோயில் எழும்புவதற்கு முன்பே அங்கே இருந்த ஒரு கட்டடத்தின் மிச்சச் சுவர் அது என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னதும், ஒரே அமர்க்களம். நம் செயலாளரை உனக்குத் தெரியும், எல்லாரும் 'அவசரம்' என்று கூப்பிடுவோமே, அவர்தான். நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். அடுத்த தெருக் கோயில்காரர்கள் 'இப்பகுதியின் முதல் ஆலயம்' என்று வாசலில் பலகை மாட்டியிருப்பது அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "இனிமே யாரு முதல்னு பாத்துடலாம்" என்று சொல்லி, ஆண்டை மாற்றிப் புதுக் கல்வெட்டு வைக்கவே ஏற்பாடு செய்துவிட்டார்.

போதகர் ஒருவர்தான் நிதானமாகக் கேட்டார். "இது எங்க அச்சுல வந்திருக்கு? வரலைன்னா, எழுதினவங்க சம்மதம் இருக்கா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அத்தை அதற்கு மேல். "கேக்காம எடுத்து வாசிச்சதே தப்பு. இப்பவாவது ஒழுங்கா எழுதிக் கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் ஒரு வரி அச்சேறாது. இந்த அத்தியாயம் போனால் புத்தகம் வார்னிஷோடு முடிந்துவிடும், அது போகட்டும். என் பயம் வேறு. இத்தனை நாள் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி எழுதாத மனுஷன், காரியம் என்றதும் எழுதுகிறார் என்று நீ நினைத்துவிட்டால், நமக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் போய்விடும். நினைத்தால் அதில் தப்பும் இல்லை. மகனுக்கு வேறு ஊரில் வேலை. இதில் அவனுக்குச் சம்பந்தம் இல்லை, அவனிடம் கேட்கவும் இல்லை.

நீ ஏறி நிற்கும் சாரங்களின் கட்டு உறுதியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று நூல் தொகுப்பாளர்


வீட்டிலிருந்து,
வியாழன், பகல்.

அன்பு மருமகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்திருந்தாய். அச்சகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கேட்டுப் பழகிய சொல்தான். உன் கையெழுத்தில் பார்த்தபோது மட்டும் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானே 'தொகுப்பாளர்' என்று போட்டுவிட்டு உன்னைக் குறை சொல்லக்கூடாது.

விஷயம்தான் அதைவிடப் பெரிய அடி. மையில் எழுதியது நீ அளந்து பார்த்து நிச்சயம் செய்துகொண்டது, பென்சிலில் எழுதியது அந்த நேரத்தில் மனதில் பட்டது, இன்னும் சோதிக்காதது என்று எழுதியிருந்தாய். திரும்பப் போய் ஃபைலைப் பார்த்தேன். 'பின்சுவர்ச் செங்கலின் அளவு மாறுபடுகிறது. காரணம் ஆராயப்பட வேண்டும்' என்பது மை. 'முந்தைய கட்டடத்தின் மிச்சமாக இருக்கலாம்' என்பது பென்சில். நான் மையை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்திருக்கிறேன். போகிற போக்கில் 'இருக்கலாம்' என்பதையும் முழுங்கியிருக்கிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே. எங்கள் அச்சகத்தில் ஆசிரியர்கள் மையில் எழுதித் தருவார்கள். பிறகு வந்து உட்கார்ந்து, யோசித்து, கடைசித் திருத்தத்தைப் பென்சிலில் போடுவார்கள். மை பழசு, பென்சில் புதுசு. இரண்டும் முட்டினால் பென்சில் சொல்வதுதான் சட்டம். வருஷக்கணக்காக அப்படியே பார்த்த கண், உன் சந்தேகத்தைத் தீர்ப்பாக வாசித்துவிட்டது.

கடிதத்தை மடித்த கையோடு கல்தச்சரிடம் ஓடினேன். நல்லவேளை, கல்லை வழவழப்பாக்கி வைத்திருந்தாரே தவிர உளியை எடுக்கவில்லை. காகிதத்தில் பிழை விட்டால் திருத்தம் என்று ஒரு துண்டு ஒட்டலாம், கல்லில் எங்கே ஒட்டுவது. நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு நேராக அவசரத்திடம் போனேன். அவர் என்னைத் திட்டியதை எழுத மாட்டேன், அவ்வளவும் பேச்சுத் தமிழ்.

சம்மதம் தருவதா இல்லையா என்று பிறகு சொல்கிறேன், முதலில் சுவரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாயே, பார்த்தேன். ஒலிபெருக்கி ஒயருக்காக எலெக்ட்ரீஷியன் போட்ட துளை பீடத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது. மேற்பூச்சைப் பார்த்து ஏமாறக்கூடாது, பிற்பாடு யாராவது பூசியிருப்பார்கள், சுவரின் உள்ளே செங்கலுக்குச் செங்கல் நடுவில் இருக்கும் சாந்துதான் பேசும் என்று சொல்லியிருந்தாய். அந்த எலெக்ட்ரீஷியனையே கூட்டிப்போய் ஒயரை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தேன். குனிந்து பார்த்தவன் நிமிர இன்னொருவர் தோள் வேண்டியிருந்தது.

உள்ளே கடைசி வரை சாந்து சாம்பல் நிறம். அது மட்டுமில்லை, செங்கலின் மேல் திட்டுத்திட்டாக வெள்ளையாய் வேறொரு சாந்து ஒட்டியிருக்கிறது. அந்த வெள்ளைக்கு மேல் இந்தச் சாம்பல். எலெக்ட்ரீஷியன், "என்ன சார், செங்கல் ரெண்டு தடவை பவுடர் போட்டிருக்கு" என்றார். பீடத்துக்குப் பின்னால் முட்டி போட்டபடியே உன்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் போலிருந்தது. இரண்டிலும் கொஞ்சம் சுரண்டித் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி இதோடு அனுப்புகிறேன். உன் ஆய்வுக்கூடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

உன் அத்தை பொட்டலம் மடித்தாள். உள்ளே ஒரு வரி எழுதப் போகிறாளோ என்று பார்த்தேன். காகிதத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு, "குளிர்காலம் வருது, அவளுக்குச் சளி பிடிக்கும், அதை எழுதுங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தூசியில் வேலை செய்யும்போது முகத்துக்குத் துணி கட்டிக்கொள்.

இப்படிக்கு,
பென்சிலைப் படிக்கத் தெரியாத மாமா


வீட்டிலிருந்து,
சனிக்கிழமை, மாலை.

அன்பு மருமகளுக்கு,

இந்தத் தடவை 'ஐயா' இல்லை. எந்த விளிப்பும் இல்லாமல், 'பொட்டலம் உடையாமல் வந்தது' என்று நேராக ஆரம்பித்திருந்தாய். முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ எழுதியிருந்த முடிவைப் போதகருக்கும் அவசரத்துக்கும் வாசித்துக் காட்டினேன். வெள்ளை, பழைய சுண்ணாம்புச் சாந்து. சாம்பல், சிமென்ட் கலந்தது. கோயிலின் மற்றச் சுவர்களில் சிமென்ட்டே கிடையாது. ஆகவே செங்கல் பழசு, சுவர் புதுசு. வேறெங்கோ ஒரு சுவரில் இருந்த செங்கலை எடுத்துவந்து, கோயில் கட்டி வெகுகாலம் கழித்து இந்தச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். எந்த ஆண்டு என்று சாந்து சொல்லாது. அங்கே முதலில் இருந்த சுவர் விழுந்திருக்கலாம் என்பது உன் ஊகம். அந்த வரியை மறக்காமல் பென்சிலில் எழுதியிருந்தாய். நன்றி, புரிந்தது.

ஒரு கோயிலில் பீடத்துச் சுவரையே மறுபடி கட்டுகிறார்கள், ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பெஞ்சு வார்னிஷை எழுதிய சபை இதை ஏன் எழுதவில்லை. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. செங்கல் எங்கிருந்து வந்தது என்பது அதைவிடக் குடைந்தது. போகிற வருகிற இடத்திலெல்லாம் பழைய சுவரைக் கண்டால் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். தெருவில் ஒரு வீட்டுக்காரர், சுவரொட்டி ஒட்ட வந்தவன் என்று நினைத்து என்னை விரட்டியேவிட்டார்.

கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா. அடுத்த தெருக் கோயிலில். இப்போதிருக்கும் பெரிய கோயிலைக் கட்டுவதற்காக அவர்களுடைய முதல் சின்னக் கோயிலை இடித்தார்களாம். அந்தச் செங்கலில் கொஞ்சம் மிஞ்சிப் பின்பக்கம் தோட்டத்துச் சுவராக நிற்கிறது. அவர்களுடைய பொருளாளர் கூடவே வந்து காட்டினார். அளந்தேன். ஒல்லி, நீளம், நம் பீடத்துச் செங்கலின் அளவேதான். சுவரின் முழு நீளத்தையும் அளக்க டேப்பின் மறுமுனையை அவர் பிடித்தார். மனுஷன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன் பொறுமை எவ்வளவு பெரிது என்று அன்றைக்குத் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப இத்தன வருஷமா நீங்க எங்க சுவரைப் பாத்துத்தான் ஜெபம் பண்றீங்க" என்றார். அவர்களிடமும் இதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. கொடுத்தவர்களும் எழுதவில்லை, வாங்கியவர்களும் எழுதவில்லை. அளவு ஒத்துப்போனால் மட்டும் அது அவர்கள் கொடுத்த செங்கல் ஆகிவிடாது, ஒரே சூளையில் இரண்டு பேரும் வாங்கியிருக்கலாம் என்று நீ சொல்வாய். நீ சொல்வதற்கு முன்னாலேயே அதைப் பென்சிலில்தான் எழுதி வைத்தேன். புத்தகத்திலும் 'இருக்கலாம்' என்றே வருகிறது, முழுங்கவில்லை.

கமிட்டியில் சும்மா விடவில்லை. யார் முதல் என்று காட்டப் புறப்பட்டு, கடைசியில் அவர்கள் செங்கலில் வந்து நிற்கிறோமே என்பது அவசரத்தின் கவலை. "வரலாறுன்னு பேரு வச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் தெரியலை தெரியலைன்னு எழுதினா எவன் சார் படிப்பான்" என்றார். போதகர், "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற முதல் மலர் இதுதான், அதுக்காகவே படிப்பாங்க" என்று முடித்து வைத்தார். வழவழப்பாக்கிய கல் வீணாகக் கூடாதே என்று, அதைப் பின்வாசலுக்குப் படியாகப் போட்டுவிட்டார்கள்.

நீ சம்மதம் தந்ததற்கு நன்றி என்று ஒரு சொல் போதாது. நீ விதித்த நிபந்தனை எல்லாம் நிறைவேறிவிட்டது. அளந்தது தனியாக, ஊகம் தனியாக அச்சிடுகிறோம். உன் பெயருக்கு முன்னால் உன் அப்பாவின் முதலெழுத்தைப் போடச் சொல்லியிருந்தாய், போட்டுவிட்டேன். அதுதான் சரி. கை அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

சுவர் விழுந்தது நிஜமானால், அதை எழுத வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆட்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நம் வீட்டிலும் நீ போன நாளைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. உன் பக்கம் நியாயமா, மகன் பக்கம் நியாயமா என்று நான் பென்சிலில்கூட எழுதிப் பார்க்கவில்லை. ஆனால் நீ இல்லாமல் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மருமகளாக வந்தாய், போனபோது மகள் போனது மாதிரிதான் இருந்தது. இதை மையில் எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு காரியம் பாக்கி. அச்சில் வராத ஆய்வை ஆதாரமாகக் காட்டினால், படிக்கிறவர் மூலத்தைப் பார்க்க எங்கே போக வேண்டும் என்றும் போட வேண்டுமாம். போதகர் சொன்னார். 'தொகுப்பாளர் வசம்' என்று போட்டால் போதும் என்றார் அவசரம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது என் வசம் இருப்பது அல்ல. ஆகவே இப்படிப் போட்டிருக்கிறேன்: 'கையெழுத்துப் படி: தொகுப்பாளரின் வீடு, மாடி அறை, ஆய்வாளரின் மேசை.'

மகனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "அவ ஆராய்ச்சி, அவ மேசை. அதுக்கு என்னை ஏன்ப்பா கேக்கறீங்க" என்றான். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவன் இங்கே வருகிறான், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருவான்.

உன் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "மேசைன்னு போட்டுட்டீங்க. நாற்காலி ஒரு கால் ஆடுதே, அவ எப்படி உக்காருவா" என்றாள். மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் தச்சர் மாடியில் இருந்தார்.

புரூஃபை இதோடு வைத்திருக்கிறேன். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள், ஆனால் உன்னிடமிருந்து இந்தத் தாள் திரும்பி வராமல் அச்சடிக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் கடைசி வரி வேண்டாம் என்றால் மையால் அடித்துவிடு. ஏன் என்று கேட்க மாட்டேன், உன் ஃபைலைப் பத்திரமாகக் கட்டி உன் விலாசத்துக்கு அனுப்பி வைப்பேன். இன்னும் யோசிக்கிறாய் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பு, போதும். இந்தத் தடவை அதை நான் சரியாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
டேப்பின் மறுமுனையில், அசையாமல்,
மாமா